கரண்ட் போன இடத்தில் நின்ற படம்

டி.வி. பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னதற்கு விஜி அக்கா வீட்டில் சொன்ன காரணம், வாசல் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது என்பது. "இப்படித் திருப்பினாத்தான்மா நன்னாத் தெரியறது" என்றாள். பெட்டி நல்ல கனம். அவளுடைய அண்ணன் வெங்கடசுப்ரமணியன் முனகிக்கொண்டே தூக்கித் திருப்பினார். திருப்பிய பிறகு உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தை வளைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே சந்தில் நின்ற எனக்குப் படம் முழுசாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் கதை சொல்லும் குரலும் கொஞ்சம் உயர்ந்தது. என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு கிடையாது, ஒரு ஜாடை கிடையாது.

என் அம்மா பகவதியம்மாள் கரமனை அக்ரஹாரத்தில் சில வீடுகளுக்கு மாவு ஆட்டிக் கொடுப்பாள். அவள் பின்பக்கம் ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டும் நேரமெல்லாம் நான் அந்த ஜன்னலடியில் நிற்பேன். அஞ்சாம் கிளாஸ் முடித்திருந்தேன். அதற்கு மேல் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. விஜயலக்ஷ்மி என்கிற விஜி அக்கா அப்போது காலேஜில் சேர்ந்த புதிது. அவளுக்குக் கீழே ஒரே தம்பி, ஆனந்தகிருஷ்ணன். ஆனந்து என்று கூப்பிடுவார்கள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவன். அவனுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம்தான். மூக்கடைத்த குரலில்தான் பேசுவான்.

அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது ஒரு வீடியோ டெக்கும் கொஞ்சம் பொம்மைப் படக் கேசட்டுகளும் கொண்டுவந்திருந்தார். அவை எந்த தேசத்துப் படங்களோ, பேசுவது எந்த பாஷையோ, வீட்டில் ஒருத்தருக்கும் புரியவில்லை. அதனால் விஜி அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படம் ஓட ஓடத் தமிழில் கதை சொல்லுவாள். கரடிக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல். பையன் யாராவது வந்தால் ஆனந்துவின் குரல்தான். மூக்கை அடைத்துக்கொண்டு அவள் பேசினால் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆனந்துவே ஒரு தரம் திரும்பிப் பார்ப்பான், நான் பேசினேனா என்று.

படங்களுக்குப் பெயர் கிடையாது. வாத்துப் படம், குருட்டுக் கரடி படம், மணிக்கூண்டு எலி படம் என்று நாங்களே வைத்தோம். கடைசியாகப் போட்டது ஆற்றுப் பையன் படம். அதில் ஒரு பையனுடைய பட்டம் அறுந்து ஆற்றில் விழும். அதைப் பிடிக்கத் தண்ணீரில் இறங்குவான். இடுப்பளவு, கழுத்தளவு, பிறகு தலை தெரியாது. தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை மட்டும் விரியும்.

அந்த இடத்தில் கரண்ட் போயிற்று.

வெளியே இடி, உள்ளே இருட்டு. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. விஜி அக்கா கதையை நிறுத்தவில்லை. "எதுக்கு அழறேள்? அவன் முங்கலை. தண்ணிக்கு அடியில ஒரு வீடு இருக்கு, அங்க போயிருக்கான். அங்க கரண்டே போகாது. எப்பவும் விளக்கு எரியும். ஸ்கூல் கிடையாது. ஜலதோஷம் பிடிக்காது" என்றாள். ஒவ்வொன்றாக அழுகை அடங்கியது. கரண்ட் அன்றைக்குத் திரும்ப வரவில்லை. மறுநாள் டெக்கில் கேசட் சிக்கி நாடா அறுந்துபோனது. மிச்சப் படத்தை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. வைகாசிப் பாதியில் பிடிக்கும் இடவப்பாதி மழையில் கரமனை ஆறு கலங்கி ஓடியது. ஒரு நாள் காலை ஆனந்துவைக் காணோம். படித்துறையில் அவன் செருப்பு இரண்டும் ஜோடியாக, ஒழுங்காக இருந்தன. அவனை மத்தியானம் ஆற்றின் கீழ்க்கடவில் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு விஜி அக்கா கதை சொல்லி யாரும் கேட்டதில்லை. டெக்கை அண்ணன் யாருக்கோ கொடுத்துவிட்டார். அக்கா பி.காம். முடித்தாள், ஒரு ஏஜென்சி ஆபீசில் கணக்கு வேலைக்குப் போனாள், கல்யாணம் வேண்டாம் என்று விட்டாள். பஸ் ஸ்டாப்புக்கு ஆற்றங்கரைச் சந்து வழியாகப் போனால் பக்கம். அவள் கோயிலைச் சுற்றித்தான் போவாள். கர்க்கடக வாவுக்கு, அதாவது ஆடி அமாவாசைக்கு, ஊரே செத்தவர்களுக்குப் பலி இட ஆற்றில் இறங்கும்போது அவள் வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கும். எங்கள் அம்மா போன பிறகு அந்தத் தெருவுக்கு நான் கிரைண்டரில் ஆட்டிய மாவு கொண்டு போனேன். எத்தனையோ வருஷம் அவளிடம் பேசியிருக்கிறேன், ஆனந்துவின் பேச்சு ஒரு நாளும் வந்ததில்லை. துக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். துக்கத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் முன்பு அண்ணனுடைய மகள் ஜானவி படிப்புக்காக அத்தை வீட்டில் வந்து தங்கினாள். கலகலப்பான பெண். மலையாளமும் தமிழும் கலந்து ஓயாமல் பேசுவாள். அப்பா சொல்லிக் கேள்விப்பட்ட பொம்மைப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். அடையாளம் சொன்னால் போதும், எந்தெந்த நாட்டு ஆட்களிடமோ கேட்டுப் பிடித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மாவுப் பாத்திரத்தோடு போனால், "உலகம்மாக்கா, இருங்கோ, இன்னிக்கு எலிப் படம்" என்று கையைப் பிடித்து உட்கார வைப்பாள். இந்தத் தடவை அறைக்கு உள்ளே.

"எல்லாம் பார்த்துட்டு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசை போடணும், கேட்டேளா? ஆளுக்கு ஒரு ஓட்டு" என்றாள் ஜானவி.

"எனக்கு வாத்துப் படம்தான் ஒண்ணு" என்றேன்.

"அய்யோ, அதா? பாவம், பாதியிலேயே அம்மா வாத்து செத்துப்போறதே!"

"சாகலியே பிள்ளே. பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்குல்லா போச்சு?"

"எந்தா? வேட்டைக்காரன் சுட்டுட்டான் உலகம்மாக்கா. கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடறது, பாருங்கோ."

நான் விஜி அக்காவைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அம்மா இல்லாத குழந்தை ஒண்ணு முன்னால உக்காந்துண்டிருந்தது. என்னடி சொல்லச் சொல்றே?" என்றாள்.

"அப்போ கரடிக்குக் கண்ணு வந்தது?" என்று கேட்டேன்.

"வரலை. கடைசி வரைக்கும் குருடுதான்" என்று ஜானவி விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ பெரிய கள்ளி அத்தே! இனி படத்துக்கு ஒரு வரிசை, அத்தை கதைக்கு ஒரு வரிசை. தனித்தனியாப் போடணும்."

அப்படித்தான் போட்டோம். பட வரிசையில் குருட்டுக் கரடி மேலே வந்தது. தேன்கூட்டைத் தடவித் தடவி அது தன் குட்டியின் முகத்தை நினைத்துக்கொள்ளும் இடத்தில் ஜானவி அழுதுவிட்டாள். அத்தை கதை வரிசையில் என் வாத்துதான். ஆனால் எந்த வரிசையிலும் ஒன்றாம் இடத்தில் எதையும் வைக்க விஜி அக்கா சம்மதிக்கவில்லை. "ரெண்டுலேருந்து ஆரம்பி. ஒண்ணை விட்டு வை" என்பாள்.

மெதுவாக அவள் பழையபடி குரல் கொடுக்கவும் ஆரம்பித்தாள். கரடி பேசினாள், எலி பேசினாள். படத்தில் பையன் யாராவது வாயைத் திறந்தால் மட்டும் அந்த இடத்தை மௌனமாக விட்டுவிடுவாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, துலாமழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்த மத்தியானம், "கிட்டிப்போச்சு அத்தே! ஆத்துப் பையன்!" என்று ஜானவி ஓடிவந்தாள்.

விஜி அக்கா முதலில் கேட்டது, "கரண்ட் போயிடுமோ?"

"இது பாட்டரில ஓடறது. போனாலும் நிக்காது."

படம் ஓடியது. அதே பட்டம், அதே மஞ்சள் வால். பையன் கரையில் நின்று ஏதோ கத்தினான். அப்போது அறைக்குள் ஆனந்துவின் குரல் கேட்டது. மூக்கடைத்த, வார்த்தை முடிகிற இடத்தில் மேலே ஏறுகிற அதே குரல். "அக்கா, என் பட்டம் போயிடுத்து!" சாஸ்தாவே என்று கையெடுத்தேன். விஜி அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அசைவது அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பையன் இறங்கினான். அலை வட்டம் வட்டமாக விரிந்தது. படம் நிற்கவில்லை. ஒரு படகுக்காரன் மூங்கில் கழியை நீட்டினான். பையன் அதைப் பற்றிக்கொண்டு தும்மிக்கொண்டே மேலே வந்தான். படகுக்காரன் முதுகில் ஓர் அறை விட்டு, பிறகு கம்பளியில் சுற்றி அணைத்துக்கொண்டான்.

"என்ன சொல்றான் அவன்?" என்று விஜி அக்கா கேட்டாள்.

ஜானவி எழுத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஆழம் தெரியாம இறங்கலாமா முட்டாளேன்னு திட்டறான் அத்தே."

"அவ்வளவுதானா? வீடு இல்லையா?"

"எந்த வீடு?"

மழை இறங்கிவிட்டது. விஜி அக்கா ஜானவியிடம் இல்லாமல் என்னிடம் சொன்னாள்: "அஞ்சு நிமிஷம் கரண்ட் இருந்திருந்தா அந்தத் திட்டை அவனும் கேட்டிருப்பான், உலகம்மை. நான் சொன்னதைக் கேட்டுட்டுன்னா போனான். ஸ்கூல் இல்லாத வீடு, ஜலதோஷம் பிடிக்காத வீடு. செருப்பைக் கழட்டி ஜோடியா வச்சுட்டுப் போயிருக்கான், ஒரு ஆத்துக்குள்ள நுழையற மாதிரி."

அவர்கள் பேச்சில் ஆம் என்றால் வீடு, ஆத்துக்குள்ள என்றால் வீட்டுக்குள்ளே. இத்தனை வருஷம் அவள் சுமந்தது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அக்கா, அவன் அதை நம்பவே இல்ல" என்றேன். "படம் பாத்த மறுநாள் காலையில ஜன்னல்கிட்ட வந்து எங்கிட்டச் சொன்னான். அக்கா புளுகறா, தண்ணிக்குள்ள விளக்கு எரியுமா, அணைஞ்சுன்னா போகும், நான் நம்பலை, அவகிட்டச் சொல்லிடாதே, அவ அழுவா, அப்படின்னு சொன்னான். உள்ளதாக்கும் அக்கா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நான் பார்த்த சிரிப்புகளில் அதைப்போல் என்னைப் பயமுறுத்தியது வேறில்லை. "நீயும் ஆரம்பிச்சுட்டியா, படத்துக்கு மேல கதை சொல்ல?"

"சாஸ்தா சத்தியமா அக்கா."

"நானும் இப்படித்தான்டி சொல்லுவேன். எதிர்ல இருக்கறவா முகத்தைப் பார்த்துப் பார்த்து."

அன்று ஜானவி ஒன்றாம் இடத்தில் ஆற்றுப் பையனை எழுதட்டுமா என்று கேட்டபோது அவள் எழுந்து மழைக்கு ஜன்னலைச் சாத்தப் போய்விட்டாள். ஆனால் அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி வைத்திருப்பாள். மாவுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டே, வேறெதையோ கேட்பது போலக் கேட்பாள். அவன் ஜன்னலுக்கு எந்தப் பக்கம் நின்றான்? கையில் என்ன வைத்திருந்தான்? நானும் சலிக்காமல் சொன்னதையே சொன்னேன். வக்கீல் கேட்பது போல இருக்கும். கோயிலில் நின்று பகவானிடம் கேட்டேன், நான் சொல்லும் உண்மைக்கு உண்மையின் ஒலி ஏன் வரவில்லை என்று.

ஒரு நாள், "என்ன சட்டை?" என்றாள்.

"பச்சைக் கோடு போட்டது. நடுப்பொத்தான் போயி, ஊக்கு குத்தியிருந்தது. ஊக்கு தலைகீழா இருந்துது, நான் பாத்துச் சிரிச்சேன்."

"அந்த ஊக்கை அன்னிக்குக் காலம்பற நான்தான் குத்திவிட்டேன்" என்றாள். "அவசரத்துல தலைகீழாக் குத்திட்டேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது." அப்படியே சமையலறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.

கார்த்திகையில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டார்கள். தையில் அண்ணன் வந்து சென்னைக்கு அழைத்துப்போகத் தீர்மானித்தார். அங்கே பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றார். மாசியில் அவள் காலமான செய்தி வந்துவிட்டது. நான் போக முடியவில்லை. அன்று சாயங்காலம் கோயிலில் அவள் பேருக்கு ஒரு விளக்கு ஏற்றினேன், ஆனந்து பேருக்கும் ஒன்று.

தையில் அவள் சென்னைக்குப் புறப்பட்ட நாளில் காரில் பின்பக்கம் தலையணை வைத்து உட்கார வைத்திருந்தார்கள். ஜானவி அழுதுகொண்டே பையெல்லாம் ஏற்றினாள். "ஒண்ணாம் இடம் அதுக்குத்தான் அத்தே. நான் எழுதிட்டேன்" என்றாள். விஜி அக்கா தலையாட்டினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். கார் நகர்வதற்குள் கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளேயிருந்து அவள் கை வந்து என் விரலைப் பிடித்தது.

"விஜி, ட்ரெயினுக்கு நாழியாறது" என்றார் அண்ணன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, என் பக்கம் காதைச் சாய்த்துச் சொன்னாள்:

"இன்னொரு தரம் சொல்லு, உலகம்மை. உன் குரல்ல வேண்டாம். மூக்கை அடைச்சுண்டு, அவன் சொன்ன மாதிரியே சொல்லு."