வலிக்கிற கட்டி

பொன்செல்விக்குப் போனில் எழுத வராது. மகள் கௌசல்யா தன் பழைய போனைக் கொடுத்தபோதே அதற்கும் வழி சொல்லியிருந்தாள். மைக் படத்தை அழுத்தி, பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவது போலக் கேட்டால் போதும். அதுவே பதிலை வாசித்துச் சொல்லும். அன்று முதல் பொன்செல்வி எல்லாவற்றையும் அதனிடம் கேட்டாள். சொந்த ஊர் சங்கரன்கோவிலில் மழை உண்டா, ரேஷன் கடை இன்று திறக்குமா, மாவு புளித்துப் போனால் என்ன செய்வது. பிழைக்க வந்த மலையாள நாட்டில், தம்பானூர் ஓட்டலில் நாள் முழுக்கத் தோசைக்கல் முன்னால் நிற்கிறவள் அவள். மாவைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. இது என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று கேட்பாள், சிரிப்பாள்.

ஓணம் கழிந்த வாரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

குளிக்கும்போது தட்டுப்பட்டது. இடது மார்பின் ஓரத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று. நுரையைக் கழுவிவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள். இருந்தது. தொட்டால் நழுவவில்லை, வலிக்கவும் இல்லை.

அன்று ஓட்டலில் இரண்டு தோசை கருகின. மதியக் கூட்டம் ஓய்ந்ததும் கேஸ் சிலிண்டர்கள் அடுக்கியிருந்த பின்பக்கத்துக்குப் போய் மைக்கை அழுத்தினாள். எந்தச் சொல்லால் கேட்பது? அவள் வளர்ந்த வீட்டில் அந்த இடத்துக்குப் பேரே கிடையாது. பிள்ளை பெற்றுப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தபோதுகூட, "அந்தப் பக்கம் வலிக்குது" என்றுதான் மாமியாரிடம் சொன்னாள். கேட்பது உயிரில்லாத போன்தான். ஆனாலும் பேசுவது அவள் வாய் அல்லவா?

"கையில கட்டி வந்தா என்ன?" என்று கேட்டாள்.

பெரும்பாலும் கொழுப்புக் கட்டியாக இருக்கும், பயப்படத் தேவையில்லை என்றது போன். பொன்செல்விக்கு உயிர் திரும்பியது. டீ ஆறும்வரைதான் அந்த நிம்மதி. கைக்குச் சொன்ன பதில் அங்கேயும் செல்லுமா?

தோளுக்குக் கீழே கட்டி என்று கேட்டாள். அக்குள் ஓரத்தில் கட்டி என்று கேட்டாள். கேள்வி அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, உள்ளே போகவில்லை. ஒருநாள் துணிந்து, "வலிக்காத கட்டி" என்றாள். பதிலின் நடுவே 'புற்று' என்று கேட்டதும் பதறிப்போய்ப் போனை அணைத்து முந்தானையில் சுற்றினாள். சற்று நேரம் கழித்துத் திறந்து, "வலிக்கிற கட்டி" என்று மாற்றிக் கேட்டாள். இந்த முறை பதில் கனிவாக வந்தது. வலி இருந்தால் பல நேரம் சாதாரணக் காரணமாகவே இருக்கும் என்றது.

ஆனால் அவளுடையது வலிக்கவில்லையே!

அன்று குளியலறையில் அதை அழுத்தினாள். விரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். பிறகு வலித்தது. கேட்டது பொய்யில்லை என்று அந்தப் பேதை மனம் ஆறுதல் பட்டுக்கொண்டது.

அதற்குப் பிறகு இருப்பே கொள்ளவில்லை. பஸ்ஸில் கேட்டாள், ஓட்டல் மாடிப்படியில் கேட்டாள். பயமுறுத்தும் பதில் வந்தால் கேள்வியை மாற்றினாள். கட்டி தானாகக் கரையுமா, சூட்டினால் கட்டி வருமா, ஆபத்து இல்லாத கட்டி எது. பக்கத்து வீட்டுக்காரிக்கு வலிக்கிற கட்டி இருக்கு, ஒண்ணும் ஆகாதுதானே? வேறொருத்தியின் தலையில் கட்டிக் கேட்டால் பதிலும் கொஞ்சம் இளகும் என்று ஒரு நம்பிக்கை. கணவன் நயினார் கழக்கூட்டம் என்ற ஊரில் சென்ட்ரிங் வேலை முடித்து வந்து, ஏன் முகம் வாடிக் கிடக்கு என்று கேட்டதற்கு, அடுப்புச் சூடு என்றாள்.

கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. ஞாயிறு மதியம் மகள் தூங்குகிறாள் என்று எண்ணி, கதவோரம் உட்கார்ந்து மெல்லக் கேட்டாள். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டாள். கையில் வருவது கொழுப்புக் கட்டி, பயப்படத் தேவையில்லை என்று போன் அறை முழுக்க முழங்கியது.

கௌசல்யா எழுந்து உட்கார்ந்தாள். "யாருக்கும்மா கட்டி?"

"ஏட்டி, பக்கத்து வீட்டுக்காரிக்கு."

"அந்தச் சேச்சி ஊருக்குப் போயி ஒரு மாசம் ஆச்சு. நீ எந்தக் கையின்னு காட்டு."

பொன்செல்வி இடது கையை நீட்டினாள். மகள் மணிக்கட்டு முதல் தோள்வரை தடவினாள். எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள் மட்டும் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தடவி வந்த விரல்கள் தோளில் நின்றன.

"இங்க ஒண்ணும் இல்லியே. எங்கம்மா இருக்கு?"

தாய் தலை குனிந்தாள். கண்ணீர் சேலையில் சொட்டியது. மகள் அந்தக் குனிந்த தலையையே பார்த்திருந்தாள். வீட்டுக்குள் மலையாளம் பேசினால் தாய்க்குப் பிடிக்காது. வெளியே எது வேண்டுமானாலும் பேசு, வாசல்படி ஏறினால் தமிழ்தான் என்று சின்ன வயதிலிருந்தே சட்டம். அந்தச் சட்டத்தைக் கௌசல்யா இப்போது மீறினாள். மார்பிலா என்று மலையாளத்தில் கேட்டாள்.

"மாறிலாணோ அம்மே?"

கண்டக்டரிடமும் ரேஷன் கடையிலும் பேசுகிற பாஷை அது. அதில் பொன்செல்வியை யாரும் வெட்கப்படச் சொல்லி வளர்க்கவில்லை. மாமியாரோ சங்கரன்கோவில் சொந்தங்களோ அந்தப் பாஷைக்குள் வந்து நின்று பார்க்கவில்லை.

"ஆ," என்றாள் பொன்செல்வி. "மாறிலா. முழ உண்டு." கட்டி என்பதும் அந்தப் பாஷையிலேயே வந்தது.

கௌசல்யா அழவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள். போனை எடுத்து மலையாளத்துக்கு மாற்றித் தாயின் கையில் வைத்தாள். "உள்ளத உள்ளபடி கேளு. இனிமே மாத்தக் கூடாது."

பொன்செல்வி கேட்டாள். மார்பில் என்றும் வலிக்காத கட்டி என்றும் மலையாளத்தில் சொன்னாள். போன் பதில் சொன்னது. பல கட்டிகள் ஆபத்தில்லாதவை, ஆனாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். முந்தானையில் சுற்றாமல் கடைசிவரை கேட்டாள். கேட்டு முடித்ததும் விரல் தானாக மைக்கை நோக்கிப் போனது. மகள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கள்கிழமை தோசைக்கல்லில் வேறு யாரோ நின்றார்கள். ஆஸ்பத்திரி வரிசை நகரவே இல்லை. பொன்செல்வி உட்கார்ந்தாள், எழுந்தாள், மகளின் தோள் வழியே எட்டிப் பார்த்தாள். வேலைக்குப் போகாமல் கூடவே வந்த நயினார் தூணோரம் நின்று, வாங்கி வந்த வடைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தான். நேற்று மகள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே இளம் பெண் டாக்டர் ஒருத்தி திரையை இழுத்துவிட்டு, தொட்டுப் பார்த்தபடி கேட்டாள்: "வேதனையுண்டோ சேச்சி?"

பழகிப்போன பதில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆமாம், வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் இந்த முகமும் கனிந்துவிடும் அல்லவா? அழுத்துவதற்காகக் கைகூட எழுந்தது. பொன்செல்வி அந்தக் கையைக் கீழே இறக்கி, கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல டாக்டரே," என்றாள். "வேதனை இல்ல. ஒரு நாளும் இருந்தது இல்ல."