கொதிக்காத பஸ்

குருபரப்பள்ளியில் பஸ் நிற்கிறது. ஆயா என்ற காட்டு மரத்தில் செதுக்கிய வில்லோடு ஒருவர் ஓடிவந்து எஞ்சினைப் பார்க்கிறார். முகம் வாடிப்போகிறது.

"இன்னிக்கு ஆவி வரலீங்களாண்ணா?"

"ரேடியேட்டர் புதுசு," என்கிறார் டிரைவர் பெருமையாக.

எதற்கு ஆவி என்று முன்சீட்டு ஜன்னல் வழியே மெல்லக் கேட்கிறேன்.

"நாளைக்குக் கூத்தும்மா. அர்ச்சுனன் வில்லுக்கு நுனி ரெண்டும் வெளிப்பக்கம் வளையணும். பானை ஆவி பத்தாது. எப்பவும் இந்த பஸ்லதான் வளைப்பேன்."

பாவமாக இருக்கிறது. "கொஞ்சம் கொதிக்க வைங்க தம்பி," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன். பஸ்ஸே சிரிக்கிறது.

டிரைவர் முன்பக்கத்தைச் சாக்கால் மூடி எஞ்சினை உறுமவிடுகிறார். ஆவி சீறுகிறது. ஒரு நுனி வளைந்ததும் கண்டக்டர் விசில் ஊதிவிடுகிறார்.

வில்லுக்காரர் என் ஜன்னலோரம் ஓடிவருகிறார். "திரும்பறப்பவும் இதே பஸ்ல வாங்கம்மா. நீங்க சொன்னாத்தான் கொதிக்குது."