அண்ணனின் இதயம்: நாம் நம்ப மறுத்த ஒரு வரி

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்கி, அவருடைய தங்கை எழுதுகிறேன். பணிவாக எழுத வேண்டும் என்றுதான் மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் கோபம்தான் வந்தது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே நம் ஊரில், தாளடி நடவு நடந்த ஒரு மழைநாளில் அண்ணன் பிறந்தார். கூலிக்கு அறுத்த குடும்பத்தில் முதன்முதலாகத் தன் பெயரில் குத்தகை பதிந்தவர் அப்பா. அந்த நிலத்தைத் திரும்பப் பிடுங்க நிலக்காரர் வீட்டில் பல ஆண்டுகள் முயன்றார்கள். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு மூன்று வயது இருக்கும்போது, ஓர் அறுவடை நாளில் களத்தில் வாக்குவாதம் முற்றியது. நிலக்காரர் மகன் அப்பாவின் தோளைப் பிடித்துத் தள்ளினார். அப்பா இரண்டடி பின்னால் போய், நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே சரிந்தார். எழவில்லை. அவருக்கு வயது முப்பத்தெட்டு.

நிலத்துக்காக அடித்துக் கொல்லப்பட்டவர் அப்பா என்பதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். உடம்பில் காயம் எதுவும் இல்லை, இதயத்தின் சுவர் அளவுக்கு மீறித் தடித்திருந்தது என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஒரு வரி இருந்தது. மருத்துவரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று ஊர் சொன்னது. நாமும் சொன்னோம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, நிலக்காரர் மகன் விடுதலையானபோதும் அதையேதான் சொன்னோம்.

அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மன்னார்குடியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையில் சேர்ந்தார். பிறகு சொந்தக் கடை வைத்தார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர்தான். ஆட்சி மாறும்போதெல்லாம் புதிய அமைச்சருக்கு மனு எழுதுவார். ஆண்டுதோறும் நிலக்கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியில் தாசில்தார் முன் போய் நிற்பார். அப்பாவின் குத்தகையை ஒரு குழிகூட விடாமல் காத்தார். இரவல் கேட்டு வந்தவருக்கு ஸ்பானரைக்கூட மறுக்காத மனிதர், அந்த நிலத்தில் மட்டும் வரப்பை ஓரடி நகர்த்த விடமாட்டார்.

ஆண்டுதோறும் அப்பாவின் நினைவுநாளில் களத்தில் கொடியேற்றிக் கூட்டம் போடுவோம். அண்ணன் ஒலிபெருக்கியில் அந்த அறிக்கையை வாசிப்பார். இதயச் சுவர் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, “மூணு மா நெலத்து நடவை ஒரே மூச்சுல முடிக்கிற மனுசனுக்கு இதயம் சரியில்லையாம்” என்பார். கூட்டம் சிரிக்கும். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

அப்படி வாசித்துவிட்டு மேடையை விட்டு இறங்கும்போது அவருக்கு மூச்சு வாங்கும். இருபது வயதில் கபடி ஆடும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தார். வெயில் என்றோம், வெறும் வயிறு என்றோம். பாலத்து ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். கேட்டால், “வண்டி பழசு தங்கச்சி, மேடு இழுக்காது” என்பார். தொப்பையைக் குறையுங்கள் என்று நான் கேலி செய்தேன். அன்றே கையைப் பிடித்து ஒரு மருத்துவரிடம் இழுத்துப் போயிருக்கலாமே என்று இந்த ஓராண்டில் நினைக்காத நாள் இல்லை.

சென்ற ஆண்டு குறுவைக்குத் தண்ணீர் வந்த வாரம். பழுது பார்த்த மோட்டாரை இரண்டு பேருடன் சேர்ந்து வாய்க்கால் கரையில் ஏற்றிக்கொண்டிருந்தார். “கொஞ்சம் இருங்கடா” என்று சொல்லி உட்கார்ந்தவர்தான். நாற்பத்தொரு வயது. கண் பட்டுவிட்டது என்றார்கள். குடிப்பாரா என்று கேட்டார்கள். அவர் பீடிகூடப் பிடித்ததில்லை.

பயம் தாங்காமல் என் ஆறு வயது மகனைத் தஞ்சாவூரில் ஓர் இதய மருத்துவரிடம் காட்டினேன். குடும்பத்தில் வேறு யாராவது இளம் வயதில் இறந்திருக்கிறார்களா என்று அந்த அம்மையார் கேட்டார். “எங்க அப்பா. ஆனா அவரை அடிச்சுக் கொன்னுட்டாங்க” என்றேன். அறிக்கை இருந்தால் கொண்டுவரச் சொன்னார். வழக்குக் கட்டைப் பிரித்து எடுத்துப் போனேன். படித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பி, அந்த வரியின் கீழ் விரலை வைத்தார். “இதை நீங்க படிச்சதே இல்லையா?” என்றார். ஆண்டுதோறும் படித்தோம் என்று எப்படிச் சொல்வேன்?

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இதயத் தசைக்குள் நுண்ணிய இழைகள் இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் அவை ஒன்றையொன்று பற்றி இழுத்து, பிறகு விட வேண்டும். எவ்வளவு பற்றுவது, எப்போது விடுவது என்பதை அடக்கி நடத்த ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய மரபணுவுக்கு எம்.ஒய்.பி.பி.சி.3 என்று பெயர். நம் குடும்பத்தில் வரும் அந்தக் குறிப்பில் இருபத்தைந்து எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. அதனால் புரதம் கோணலாகிறது, பிடி தளர வேண்டிய நேரத்தில் தளர்வதில்லை, காலப்போக்கில் தசை தடிக்கிறது. ஒரு நாள் துடிப்பு தடுமாறி நின்றும் போகலாம். இந்தக் குறை நம் நாட்டில் பலருக்கு உண்டு. எல்லோரையும் அது கொல்வதில்லை. பெற்றவர் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு. முன்னமே தெரிந்தால் மாத்திரை உண்டு, கருவி உண்டு, எந்த வேலை கூடாது என்று சொல்ல ஆள் உண்டு.

என் இரத்தத்தில் அது இருக்கிறது. என் மகனுக்கும் இருக்கிறது. நான் கொடுத்ததுதான். இப்போது அவன் இதயம் நன்றாக இருக்கிறது. ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அவன் ஓடும்போதெல்லாம் நான் எண்ணிக்கொண்டு நிற்கிறேன். அண்ணன் மகளிடம் அது இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது, “அப்ப இத்தனை வருசமா நான் யாரைச் சபிச்சேன்?” என்று கேட்டார். நிலக்காரர் மகனுக்கும் இந்த மலரை அனுப்பியிருக்கிறேன். நிலத்தைப் பிடுங்க வந்தது அநியாயம், தோளில் கை வைத்தது குற்றம். அதில் எனக்கு மாற்றமில்லை. கொலைகாரர் என்று அழைத்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் தள்ளாமல் இருந்திருந்தால் அப்பா அன்று விழுந்திருப்பாரா? மருத்துவருக்கும் அதற்கு விடை தெரியவில்லை.

அப்பாவின் தம்பியான சித்தப்பா இந்தக் கட்டுரையைப் போடக்கூடாது என்றார். “எம் பொண்ணுக்கு இப்பதான் வரன் வருது பாப்பா. இதப் படிச்சா எவன் வருவான்?” என்றவர், தொடர்ந்து, “எங்கண்ணன் நெலத்துக்காகச் செத்தாரு. அந்தச் சாவையும் எங்ககிட்டேருந்து எடுத்துடாத” என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார். அதன் பிறகு இரண்டு நாள் நான் எழுதவில்லை. அண்ணியிடம் போய்க் கேட்டேன். “ஒங்க அண்ணன் இருந்தா மொதல்ல கத்துவாரு. அப்புறம் யாருக்கும் தெரியாம போயிப் பாத்துட்டு வருவாரு. போடுங்க” என்றார்.

சித்தப்பா, அப்பா நிலத்துக்காகப் போராடியது உண்மை. அதை எந்த அறிக்கையும் மாற்றாது. ஆனால் அவர் சாவை நாம் மேடையில் ஏற்றி வைத்திருந்தோம். அதை இறக்க மனமில்லாமல் அண்ணனையும் கொடுத்துவிட்டோம். வரன் திரும்பிப் போனால் வேறு வரன் வரும். உங்கள் மகள், என் தங்கச்சி, போனால் வருவாளா?

அண்ணனைக் கரையிலிருந்து தோளில் தூக்கி ஓடிய இரண்டு தம்பிகளுக்கும், கேட்ட கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்ட எனக்குச் சலிக்காமல் பதில் சொன்ன மருத்துவ அம்மையாருக்கும், கடையைத் தொடர்ந்து நடத்தும் அண்ணிக்குத் துணை நிற்கும் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் இரண்டு மணிக்கு வாசலில் வேன் நிற்கும். அப்பாவின் இரத்த வழியில் வந்தவர்கள் பதினோரு பேருக்குத் தஞ்சாவூரில் இன்று மாலை நேரம் வாங்கியிருக்கிறேன். இதயத்தைப் படம் பிடிப்பார்கள், கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். பட்டியலில் முதல் பெயர் சித்தப்பாவுடையது. நீக்கச் சொன்னார். நான் நீக்கவில்லை.