கோலா வாயில் வீட்டோடு மாப்பிள்ளை

பூந்தமல்லி மார்க்கெட்டில் கோலா மீன் என்றால் கன்னியம்மாள்தான். வைகாசி, ஆனி இரண்டு மாதமும் விடியற்காலையில் காசிமேட்டுத் துறைமுகத்தில் கூடை நிரப்பி, கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்குவாள். இறங்கியதும் முதல் வேலை, ஒவ்வொரு கோலாவின் வாயையும் கட்டைவிரலால் திறந்து பார்ப்பது. நடுக்கடலில் இறக்கை விரித்துப் பறக்கிற அந்த மீனின் நாக்கின்மேல் சில சமயம் ஒரு வெள்ளைப் பூச்சி ஏறி உட்கார்ந்திருக்கும். பதினாலு கால், இரண்டு கறுப்புக் கண். யாரும் பார்க்கும் முன் அதைச் சுண்டி எறிந்துவிடுவாள்.

1991-ல் ஒருநாள் வேலப்பன்சாவடியில் பஸ் பஞ்சர். வந்து சேர்ந்தபோது ஆட்கள் காத்திருந்தார்கள். வாய் பார்க்க நேரமில்லை. லேத் பட்டறை ஜெயராமன் எடுத்த முதல் மீனே வாயைப் பிளந்தது.

“இன்னாம்மா இது, புழு நெளியுது! அழுகின மீனா?”

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. புழு மீன் என்று பேர் வந்தால் அந்த சீசன் மட்டுமல்ல, மார்க்கெட்டில் அவள் இடமே போச்சு. கன்னியம்மாள் அந்த மீனை அவன் கையிலிருந்து வாங்கிக் கூடைமேல் வைத்தாள்.

“புழு இல்ல நைனா, ஊட்டோட மாப்ள. மீன் துன்றதுல பாதிய குந்திகினே துன்னுவாரு. வேல வெட்டி கெடையாது. என் ஊட்லகூட ஒண்ணு கீது.”

பக்கத்தில் அவளுக்காக ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த மருமகன் உத்தமன் தலையைத் தூக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் கூடையை நெருங்கவில்லை.

பாரிவாக்கத்திலிருந்து வந்திருந்த விலங்கியல் டீச்சர் சொர்ணம் குனிந்து பூச்சியை உற்றுப் பார்த்தாள்.

“உயிரோட இருக்குதே! அப்ப மீன் புதுசுதான். மீன் கெட்டா இது பிழைக்காது.” கொஞ்சம் தயங்கினாள். “ஆனா இது மாப்பிள்ளை இல்லம்மா, பொம்பள. மீனோட ரத்தத்தைக் குடிச்சிக்கிட்டு இங்கயே இருக்கும். மாப்பிள்ளை பொடிசா பின்னால செவுள்ல ஒண்டிக்கிட்டிருப்பாரு.”

ஐஸ் உடைக்கிற சத்தம் நின்றது.

“அப்ப அது மாமியாருன்னு சொல்லுங்க டீச்சர்!”

கல்யாணமாகி வந்த மூன்று வருஷத்தில் உத்தமன் மார்க்கெட்டில் வாய் திறந்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே ஜெயராமன் எட்டு மீன் பொறுக்கினான். பத்து மணிக்குள் கூடை காலி.

மறுநாள் முதல் கன்னியம்மாள் கோலாவின் வாயைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். யாராவது முகம் சுளித்தால், “உயிரோட கீது பாரு, மீன் புச்சு. உள்ள குந்திகினு கீறது மாமியாரு. உன் ஊட்ல இல்லாததா?” என்பாள். சொன்ன கையோடு ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்ப்பாள்.

“இன்னா மாப்ள இளிப்பு? ஐஸ ஒட.”