எங்கள் குடும்பத்து மஞ்சள் கண்

குற்றாலத்தில் சாரல் தொடங்கி ஒரு காய்ச்சல் வந்தால் போதும், என் ஏழு வயது மகளுக்குக் கண் மஞ்சளாகிவிடும். முகம் வெளிறி, விளையாட்டை விட்டுவிட்டுச் சுருண்டு படுப்பாள். மஞ்சள்காமாலை என்று முடிவுகட்டிய மேதை நான்தான். மூன்று தடவை கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன், உப்பில்லாப் பத்தியம் வேறு. சில நாளில் மஞ்சள் தானாக இறங்கும். என் வைத்தியம் பலித்ததென்று தெருவெல்லாம் சொல்லித் திரிவேன்.

நாலாவது தடவை மனைவி என்னைக் கேட்கவில்லை. தென்காசியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போனாள். நானும் பின்னால் போனேன். என் கீழாநெல்லிக் கதையை அவளே சொல்லிவிட்டாள். டாக்டரம்மா பிள்ளையின் இடப்பக்க வயிற்றை அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருக்கிறதாம்.

"இது காமாலை மாதிரி தெரியல. பரம்பரையா வர்ற ரத்தசோகையான்னு பாக்கணும். அப்பா, அம்மா ரெண்டு பேரும் ரத்தம் கொடுங்க."

"அவ வீட்டுப் பக்கந்தான் டாக்டர், எல்லாரும் வெளிறிப்போய் இருப்பாங்க" என்றேன்.

"ஊசிக்குப் பயந்து பேசுதாரு. முதல்ல இவருக்குக் குத்துங்க" என்றாள் மனைவி.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா எங்களை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். முதலில் மனைவியின் ரத்தம். ஒவ்வொரு சிவப்பணுவும் நடுவில் விரலால் அழுத்திய தட்டை போல, மையம் மட்டும் வெளிறி இருந்தது. அடுத்து மகளுடையது. பாதி அணுக்களில் அந்தக் குழியே இல்லை. சீடை சீடையாக உருண்டிருந்தன.

"அணுவோட மேல்தோலைத் தாங்குற புரதத்துல ஒரு குறை. தோல் கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்து உருண்டையாயிருது. மண்ணீரல்ல சின்னச் சந்து வழியா நெளிஞ்சு போக முடியாம உடைஞ்சிருது. அதுதான் கண்ணுல மஞ்சள்."

கண்ணை எடுக்க மனமில்லை. மூன்றாவது கண்ணாடித் துண்டை வைத்தார். இதிலும் சீடை.

"இதுவும் இவளோடதா?"

"உங்களோடது சார். அணு உடைஞ்சு உடைஞ்சு பித்தப்பைல கல்லு சேரும், உங்களுக்கு இருந்துச்சா?"

இருந்தது. முப்பது வயதில் அறுத்து எடுத்தார்கள். பழியைப் புளியறைக் கடைப் பரோட்டா மேல் போட்டு, தின்ற கணக்கைப் பெருமையாகச் சொல்லி வந்தேன். என் கண்ணின் லேசான மஞ்சளையும், எங்கள் குடும்ப லட்சணம் என்று பெண் பார்க்கப் போன அன்றே பீற்றியவன் நான்.

"எங்க வீட்டுப் பக்கம், என்ன?" என்றாள் மனைவி.

நான் டாக்டரம்மா பக்கம் திரும்பிக்கொண்டேன். "மண்ணீரலை எடுக்கணுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம். லேசான வகைதான். தினம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை. திடீர்னு வெளிறினா உடனே கூட்டிட்டு வரணும். நீங்க எதையும் அரைக்கக் கூடாது."

மகள் ஸ்டூலில் ஏறி என் ரத்தத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"எப்பா, நீங்க பண்பொழி மலைக்கோயில் படி ஏறியிருக்கீங்கள்லா?"

"ஏட்டி, பல தடவ ஏறியிருக்கேன்."

"நடுவுல எத்தன தடவ உக்காந்தீங்க?"

ஒரு தடவைகூட இல்லை என்று அளக்க வாயெடுத்தேன். மனைவி பக்கத்தில்தான் நின்றாள்.

"ஏழெட்டு தடவ."

"அப்ப நானும் உக்காந்து உக்காந்து ஏறிக்கிடுதேன்" என்றாள், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே.