மேலே தூக்கினால் இறங்கும் கண்ணாடி

வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோக்களைப் பிக்கப் வண்டியில் ஏற்றிப் போவது அவர் தொழில். தெருவில் யாராவது கைகாட்டி நிறுத்தினால் முதலில் ஆளை ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம்தான் கதவுக் கண்ணாடி சுவிட்சில் விரல் வைப்பார். பேரம் பேசுகிற முகம் என்றால் நான்கு விரல் அகலம் இறங்கும். தெரிந்தவர் என்றால் பாதி. ஊர்வம்பு கொண்டுவருகிறவருக்கு மட்டும் முழுசாக இறங்கி, முழங்கையும் வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் கண்ணாடி ஒரு சனிக்கிழமை காலை பாதி வழியில் நின்றுவிட்டது. ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று ஒரே அடம்.

வேறு வாரமாக இருந்தால் பரவாயில்லை. திங்கட்கிழமை அதே வண்டியில் அவர் மனைவிக்கு லைசென்ஸ் தேர்வு. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறை தேறினால் நடமாடும் நூலக வண்டியை ஓட்டும் வேலை அவளுக்கு. தவறினால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். தேர்வு மைதானத்தில் விளக்கு, ஹாரன், கண்ணாடி எல்லாம் பார்ப்பார்கள். ஒன்று மக்கர் செய்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“மெக்கானிக்கிட்ட விடுங்களேன்” என்றாள்.

“இதுக்கெல்லாமா மெக்கானிக்? ஒரு மோட்டார், ரெண்டு வயர். அரை மணி நேர வேலை.”

“அந்த ஃபேனும் அரை மணி நேர வேலைதான். ரெண்டு வருஷமா கட்டிலுக்கடியில தூங்குது.”

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய சாமான் கடையில் ஒரு மோட்டாரைத் தேடிப் பிடித்தார். ஞாயிறு காலை கதவின் உள்பலகையைக் கழற்றினார். புது மோட்டாரின் முனை பழைய இணைப்பில் பொருந்தவில்லை. வயரை வெட்டி, நிறத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக முறுக்கி, டேப் சுற்றினார். பலகையைப் பிடிக்கும் கிளிப்புகளில் பாதி, கழற்றும்போதே உடைந்திருந்தன. அதை மூச்சுவிடாமல் மறைத்து, பசையைத் தாராளமாகத் தடவிப் பலகையை ஒட்டினார். ஒட்டிய பிறகு அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

காபியோடு வந்த மனைவி கேட்டாள்: “நீங்க கதவுக்கு முட்டுக் குடுக்கிறீங்களா, கதவு உங்களுக்கா?”

“இப்ப பாரு வேடிக்கையை” என்று சுவிட்சைக் கீழே அழுத்தினார். கண்ணாடி ஜம்மென்று மேலே ஏறியது. மேலே தூக்கினார். இறங்கியது.

இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் ஏறியது.

“வேலை செய்யுதுல்ல?” என்றார்.

“செய்யுது. சொன்னதுக்கு நேர் எதிரா செய்யுது. உங்ககூட இருந்த வண்டியாச்சே.”

“ரெண்டு வயரையும் மாத்திக் குடுத்துட்டேன் போல. திருப்பிப் போட்டா சரியாயிடும்.”

“போடுங்க.”

அவர் பலகையை இழுத்துப் பார்த்தார். வாழ்நாளில் அவர் ஒட்டியது எதுவும் இப்படிப் பிடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடையும் கிடையாது.

வேறு வழியில்லாமல் அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டாள். அவர் வெளியே நின்று தேர்வு அதிகாரியானார். “ஏத்து!” “இறக்கு!” முதல் பத்து முறையும் விரல் தப்பாகவே போனது. பத்தாவதில் ஏறிய கண்ணாடி அவர் மூக்கை உரசியது.

“மூக்கை வண்டிக்குள்ள எதுக்கு நீட்டுறீங்க? அதிகாரி அப்படியெல்லாம் நீட்ட மாட்டாரு.”

சாயங்காலத்துக்குள் விரல் பழகிவிட்டது.

திங்கள் காலை அவர் மைதானத்தின் வெளிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி குனிவது தெரிந்தது. கண்ணாடி இறங்கியது, ஏறியது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் அதிகாரி கதவுக்குள் எட்டிப் பார்த்து என்னவோ கேட்டார். அவள் என்னவோ சொன்னாள். அதிகாரி தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். இவருக்குத்தான் காது சுட்டது.

அரை மணி கழித்துக் கையில் தாளோடு வந்தாள். “பாஸ்!”

“சுவிட்சைப் பத்திக் கேட்டாரா?”

“கேட்டாரு. யாரு ரிப்பேர் பண்ணதுன்னு.”

“நீ என்ன சொன்னே?”

“அதிகாரிகிட்டப் பொய்யா சொல்ல முடியும்?” என்று சாவியை அவரிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாள்.

மானம் கப்பலேறிவிட்டது என்றே நினைத்தார். அந்த மைதானம் இருக்கும் தெருப்பக்கமே போவதில்லை. இரண்டு மாதம் கழித்து வீடு மாற்றக் கூப்பிட்ட ஒருவர், பார்த்தால் அதே அதிகாரி. பீரோவை ஏற்றிக் கட்டும்போது அதிகாரி வண்டியை அடையாளம் கண்டுகொண்டார்.

“அட, இந்தக் கண்ணாடியா! உங்க வீட்டம்மா அன்னிக்கே ஒத்துக்கிட்டாங்க. ‘எங்க வீட்டுக்காரர் வேணாம் வேணாம்னாரு சார், நான்தான் கேக்காம வயரை மாத்திக் குடுத்துட்டேன்’னாங்க.”