அரை மில்லிமீட்டர் கூடுதல்

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் தங்கக்கா. காதில் பொட்டுத் தங்கம் கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை, நுண்ணோக்கியில் பார்த்தபடி எல்.இ.டி. சில்லுகளில் ஒட்டுவது அவள் வேலை. பெயர் அதனால் வந்தது. பதினோரு வருஷமாக அதே நாற்காலி.

அங்கே வெளிச்சத்தின் வழியாகத் தகவல் அனுப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். மணல் துகளைவிடச் சிறிய நீல எல்.இ.டி., ஒரு நொடியில் நூறு கோடி தடவைக்கு மேல் கூடிக் குறையும். எதிரே உள்ள கருவி அதைப் படித்துக்கொள்ளும். நம் கண்ணுக்கு அது அசையாத நீலப் புள்ளிதான்.

தம்பி சாலை விபத்தில் இறந்த ஐந்தாம் நாளே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். "வீட்ல இருந்தா அவன் செருப்பையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும்" என்றாள்.

மறு வாரச் சோதனையில் வேகம் எதிர்பார்த்ததில் பாதியைத் தாண்டவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட ஆய்வாளர், கடைசியில் சில்லு செய்து தந்த சிறிய பட்டறைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"அவங்க சரக்கே சரியில்ல. இனிமே வேற இடம் பார்த்துக்கலாம்."

தங்கக்கா சில்லை எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்தாள். தாழ்வாகப் படிந்திருக்க வேண்டிய கம்பி வில்லாக வளைந்து நின்றது. அரை மில்லிமீட்டர் கூடுதல். கம்பி நீண்டால் அதிவேகத்தில் சமிக்ஞை தடுமாறும். சில்லு இருந்த டப்பாவில் அவள் எழுதிய தேதி, வேலைக்குத் திரும்பிய நாளுடையது.

"கடிதத்தை அனுப்பாதீங்க சார். தப்பு சில்லுல இல்ல, என் கையில."

அவர் வந்து குனிந்து பார்த்தார்.

"நாங்க யாருமே இதைப் பார்க்கலையேக்கா."

"நான் போட்டதுன்னா பார்க்க மாட்டீங்க."

உடனே பிரித்து ஒட்ட உட்கார்ந்தாள். கம்பி ஒட்டாமல் நழுவிக்கொண்டே இருந்தது. தம்பியை எடுத்துப் போனபோதுகூட அழாதவள், கருவியின்மேல் தலை சாய்த்து அழுதாள். ஆய்வாளர் விளக்கை அணைத்தார். "சில்லு எங்கேயும் ஓடிடாது. வீட்டுக்குப் போங்கக்கா."

பன்னிரண்டு நாள் கழித்து வந்து, அந்தத் தேதியில் ஒட்டியிருந்த நான்கு சில்லுகளையும் புதிதாக ஒட்டினாள். அன்று ஒரு முழுத் திரைப்படம் இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு மூன்று நொடியில் போய்ச் சேர்ந்தது. பட்டறைக்காரருக்கு நடந்தது எதுவும் தெரியாது.

இப்போதெல்லாம் தான் ஒட்டியதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அவள் சோதனைக்கு விடுவதில்லை. அவளைச் சோதிக்கப் புதியவர்கள் கூசுகிறார்கள். அவள் நுண்ணோக்கியை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டுக் காத்திருக்கிறாள்.